டி.என்.ஏ. பாடமும் ஆய்வகமும்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூலக்கூறு மரபியலை முதன்முறையாகப் படிப்பவர்களுக்கும், மைக்ரோபிப்பெட்டை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கும் எழுதியது. வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் அளவில். காரங்களை ஏ, டி, ஜி, சி என்றே குறித்திருக்கிறோம்.

5′, 3′ என்று எல்லா இடத்திலும் வருகிறதே, அது ஏன் அவ்வளவு முக்கியம்?

டிஆக்ஸிரைபோஸ் சர்க்கரையில் ஐந்து கார்பன்கள். அவற்றுக்கு 1′ முதல் 5′ வரை எண் கொடுத்திருக்கிறார்கள். 1′ கார்பனில் காரம், 5′ கார்பனில் பாஸ்பேட், 3′ கார்பனில் ஒரு ஹைட்ராக்சில். இழை நீளும்போது புதிய நியூக்ளியோடைடின் பாஸ்பேட், ஏற்கெனவே உள்ள இழையின் 3′ ஹைட்ராக்சிலில் போய் ஒட்டுகிறது. டி.என்.ஏ. பாலிமரேஸுக்கு வேறு வழி தெரியாது. அதனால் இழை எப்போதும் 5′ முனையிலிருந்து 3′ முனை நோக்கித்தான் வளரும்.

பாடத்தில் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் பல விஷயங்கள் இந்த ஒரே ஹைட்ராக்சிலிலிருந்து வருபவை. இரட்டிப்பாதலில் ஓர் இழை மட்டும் ஒகசாகி துண்டுகள் எனும் சிறு துண்டுகளாக உருவாவது, பிரைமர் (இழை தொடங்க 3′ முனை தரும் சிறு இழை) இல்லாமல் பாலிமரேஸ் தொடங்க முடியாதது, பிரைமரின் 3′ முனையில் ஒரு காரம் தவறினாலும் பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) படுத்துவிடுவது, வரிசையைப் படிக்கும் சாங்கர் முறையில் இழை பாதியில் நிற்பது என எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போனால் கீழே உள்ள பாதிக் கேள்விகள் மறுபடி மறுபடி வரும்.

ஒரு டி.என்.ஏ.வில் ஏ 30 சதவீதம் என்றால் மற்றவை?

டி 30, ஜி 20, சி 20. இந்தக் கணக்கு இரட்டை இழைக்கு மட்டுமே. ஃபை-எக்ஸ் 174 போன்ற ஒற்றை இழை டி.என்.ஏ. வைரஸைக் கொடுத்து இதே கேள்வி வந்தால், கொடுத்த தகவலிலிருந்து விடை சொல்ல முடியாது என்பதே சரியான விடை. தேர்வில் அது தெரிந்தே வைக்கும் பொறி.

மெசெல்சன்-ஸ்டால் கணக்கில் மூன்றாம் தலைமுறைக்கு என்ன வரும்?

1958-இல் வெளியான அந்தச் சோதனையில் கனமான நைட்ரஜனில் (15) வளர்ந்த பாக்டீரியாவை லேசான நைட்ரஜனுக்கு (14) மாற்றினார்கள். ஒரு மூலக்கூறில் தொடங்குங்கள். மூன்று தலைமுறைக்குப் பிறகு எட்டு மூலக்கூறுகள். பழைய இழைகள் அழிவதில்லை. அவை இரண்டே, ஆளுக்கொரு மூலக்கூறில் இருக்கும். ஆகவே எட்டில் இரண்டு கலப்பு, ஆறு லேசு: 25-க்கு 75. எந்தத் தலைமுறையைக் கேட்டாலும் கலப்பு மூலக்கூறு இரண்டுதான், மொத்தம்தான் இரட்டிக்கிறது.

பழத்தை நசுக்கி, சோப்பும் உப்பும் ஆல்கஹாலும் சேர்த்தால் வெள்ளை நூல் வருகிறது. அது உண்மையிலேயே டி.என்.ஏ.வா?

அதில் டி.என்.ஏ. இருக்கிறது. கூடவே ஆர்.என்.ஏ., புரதம், பெக்டின் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளும் இருக்கின்றன. பார்க்கும் பருமனில் பெரும்பங்கு பெக்டினாகவே இருக்கலாம். செய்முறை பொய்யில்லை, ஆனால் அந்த நூலை அப்படியே பி.சி.ஆருக்குப் போட்டால் ஒன்றும் வராது.

ஒவ்வொரு பொருளும் ஏன் சேர்கிறது என்று தெரிந்துகொண்டால் ஆய்வகச் செய்முறையும் புரிந்துவிடும். சோப்பு செல் சவ்விலும் உட்கருச் சவ்விலும் உள்ள கொழுப்பைக் கரைக்கிறது. டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டுகளுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடியம் அந்த மின்னூட்டத்தை மறைக்கிறது. தண்ணீரில் இது முழுதாக நடக்காது, ஆல்கஹால் சேர்ந்த பிறகுதான் சோடியம் பாஸ்பேட்டோடு இறுகி, டி.என்.ஏ. கரைசலை விட்டு வெளியே வருகிறது. உப்பு போட மறந்தால் எவ்வளவு குளிர்ந்த எத்தனாலை ஊற்றினாலும் நூல் சரியாக வராது.

ஆய்வகத்தில் இதே வேலைக்கு: டி.என்.ஏ. கரைசலின் பத்தில் ஒரு பங்கு 3 மோலார் சோடியம் அசிட்டேட் (பி.எச். 5.2), அதன்பின் இரண்டு முதல் இரண்டரை மடங்கு குளிர்ந்த எத்தனால். சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிக் கிடைக்கும் படிவை 70 சதவீத எத்தனாலால் கழுவ வேண்டும். 100 சதவீதத்தால் கழுவினால் உப்பு கரையாது, படிவோடே தங்கிவிடும். காயவைப்பதிலும் அளவு உண்டு. படிவு கண்ணாடி போல ஆகும்வரை காயவிட்டால் பிறகு கரைப்பது பெரும்பாடு. எத்தனால் மணம் போனதும் நிறுத்திவிடுங்கள்.

260/280 விகிதம் 1.8 வந்தால் டி.என்.ஏ. நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இது 260, 280 நானோமீட்டர்களில் ஒளி உறிஞ்சலின் விகிதம். 1.8 என்றால் புரதக் கலப்பு அதிகம் இல்லை என்று அர்த்தம். அதற்குமேல் எதையும் அந்த எண் சொல்லாது. டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்திருந்தாலும் 1.8 வரும். ஆர்.என்.ஏ. கலந்திருந்தால் 2.0 பக்கம் நகரும், அதைத் தூய்மை என்று எண்ணி மகிழ்பவர்கள் உண்டு.

செறிவுக்கு: 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 1.0 என்றால் இரட்டை இழை டி.என்.ஏ. மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், ஆர்.என்.ஏ. 40. கருவிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, ஆர்.என்.ஏ. கலந்திருந்தால் டி.என்.ஏ. அளவு பொய்யாகக் கூடும். 260/230 விகிதத்தையும் பாருங்கள், 2-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் ஃபீனாலோ, குவானிடின் உப்போ, சர்க்கரைச் சங்கிலியோ தங்கியிருக்கிறது. எண்களைப் பார்த்த பிறகு ஒருமுறை ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பதே நல்ல பழக்கம்.

பிளாஸ்மிட் எடுக்கும்போது இரண்டாம் கரைசல் சேர்த்த பின் குலுக்கக் கூடாது என்கிறார்கள். குலுக்கினால் என்ன?

காரக் கரைசல் முறையில் (1979-இல் வந்தது; இங்கே காரம் என்பது ஏ, டி, ஜி, சி அல்ல, அமிலத்துக்கு எதிரானது) மூன்று கரைசல்கள். 1.5 மில்லிலிட்டர் வளர்ப்பிலிருந்து கிடைத்த செல்களுக்கு முதலாவது 100 மைக்ரோலிட்டர், இரண்டாவது 200, மூன்றாவது 150. முதலாவதில் டிரிஸ், குளுக்கோஸ், இ.டி.டி.ஏ. இரண்டாவதில் 0.2 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடும் 1 சதவீத எஸ்.டி.எஸ்.ஸும் (சோப்பு போன்றது). மூன்றாவதில் அமிலத்தன்மையுள்ள பொட்டாசியம் அசிட்டேட்.

இரண்டாவது கரைசல் செல்லை உடைத்து, எல்லா டி.என்.ஏ.வின் இழைகளையும் பிரித்துவிடுகிறது. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவில் குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறிய டி.என்.ஏ. வளையம். இரண்டு வளையங்கள் சங்கிலிக் கண்ணிகள் போலக் கோத்துக் கிடப்பதால் பிரிந்தும் பிரியாமல் இருக்கும். மூன்றாவது கரைசல் வந்து பி.எச். இறங்கியதும் அவை சட்டென்று பழையபடி சேர்ந்துகொள்ளும். பாக்டீரியாவின் நீண்ட குரோமோசோம் இழைகளால் அவ்வளவு வேகமாகத் தன் இணையைத் தேட முடியாது, சிக்கலாகி, எஸ்.டி.எஸ்.-பொட்டாசியம் வெள்ளைக் கட்டியோடும் புரதத்தோடும் கீழே போய்விடும்.

வேகமாகக் குலுக்கினால் குரோமோசோம் சிறுசிறு துண்டுகளாகும். துண்டுகள் கரைசலிலேயே தங்கி, பிளாஸ்மிட்டோடு சேர்ந்து வந்துவிடும். குழாயை நாலைந்து முறை மெதுவாகத் தலைகீழாக்கினால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் காரத்தில் விட்டுவைத்தால் பிளாஸ்மிட்டே திரும்பச் சேர முடியாத நிலைக்குப் போகும். அதை ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகள் (குறிப்பிட்ட வரிசையில் டி.என்.ஏ.வை வெட்டுபவை) வெட்டா.

பி.சி.ஆர். கலவையில் எது எவ்வளவு?

25 மைக்ரோலிட்டர் கலவைக்கு வழக்கமான அளவு:

10 மடங்கு பஃபர் (மெக்னீசியம் சேர்ந்தது, இறுதியில் 1.5 மில்லிமோலார்): 2.5 மைக்ரோலிட்டர்
டி.என்.டி.பி. கலவை (நான்கு நியூக்ளியோடைடுகள், ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார்): 0.5
முன் பிரைமர் (10 மைக்ரோமோலார்): 1
பின் பிரைமர் (10 மைக்ரோமோலார்): 1
டாக் பாலிமரேஸ் (மைக்ரோலிட்டருக்கு 5 யூனிட்): 0.2
வார்ப்பு டி.என்.ஏ. (பிரதியெடுக்க வேண்டிய மாதிரி): 1
நொதிகளற்ற தூய நீர்: 18.8

0.2 மைக்ரோலிட்டரை ஒவ்வொரு குழாயிலும் தனித்தனியாக எடுக்க முயலாதீர்கள். அந்த அளவை எந்தக் கையாலும் நம்பகமாக எடுக்க முடியாது. வார்ப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குழாய்களின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாகக் கணக்கிட்டு ஒரே கலவையாகச் செய்து, 24 மைக்ரோலிட்டராகப் பிரித்து, கடைசியில் வார்ப்பைச் சேருங்கள். நொதி கிளிசராலில் இருப்பதால் அடியில் தங்கும். மென்மையாகக் கலக்கி, ஒரு கணம் சுழற்றி இறக்குங்கள்.

சுழற்சி: 95 டிகிரியில் 3 நிமிடம், பிறகு 30 முறை 95-இல் 30 விநாடி, 55-இல் 30 விநாடி, 72-இல் ஆயிரம் காரத்துக்கு ஒரு நிமிடம், முடிவில் 72-இல் 5 நிமிடம். 55 என்பது பிரைமருக்குத் தக்க மாறும். சுமார் 20 காரங்கள் வரையுள்ள பிரைமருக்குத் தோராய உருகுநிலை: ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 என்று கூட்டுங்கள். பத்து ஜி/சி உள்ள 20 கார பிரைமருக்கு 60 வரும். அதிலிருந்து 5 குறைத்துத் தொடங்கலாம்.

30 சுழற்சியில் 2-இன் 30-ஆம் அடுக்கு, அதாவது நூறு கோடி மடங்குக்கு மேல் என்பது காகிதக் கணக்கு. நடப்பில் கடைசிச் சுழற்சிகளில் பெருக்கம் தளர்ந்துவிடும். பட்டை மங்கல் என்று 45 சுழற்சி வைத்தால் பெரும்பாலும் குப்பைப் பட்டைகளே கூடும்.

பின் பிரைமரை எழுதும்போது எப்போதும் தப்பாகிறது. எப்படி எழுதுவது?

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. வரிசை எப்போதும் மேல் இழையை மட்டும், 5′-இலிருந்து 3′ நோக்கி அச்சிட்டிருக்கும். முன் பிரைமர் எளிது: தொடக்கத்தில் உள்ள எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அது கீழ் இழையில் ஒட்டி வலப்பக்கம் நீளும்.

பின் பிரைமர் மேல் இழையில் ஒட்டி இடப்பக்கம் நீள வேண்டும். வரிசை இப்படி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம் (விளக்கத்துக்காக எட்டே எழுத்து, உண்மையில் 18 முதல் 25 வேண்டும்):

5′ … ஜி-ஏ-டி-டி-சி-ஏ-ஜி-ஜி 3′

ஒவ்வொன்றின் கீழும் இணையை எழுதுங்கள்:

3′ … சி-டி-ஏ-ஏ-ஜி-டி-சி-சி 5′

இங்கேதான் பலர் நிறுத்திவிட்டு, இடமிருந்து வலமாக அப்படியே படித்து, பிரைமரைத் தயாரிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். பிரைமர் தயாரிப்பவர்கள் நீங்கள் எழுதியதை 5′-இலிருந்து 3′ என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே இணை இழையை வலமிருந்து படித்து எழுத வேண்டும்:

5′ சி-சி-டி-ஜி-ஏ-ஏ-டி-சி 3′

சரிபார்க்க ஒரு வழி: பிரைமரை மேல் இழைக்குக் கீழே வைத்து, அதன் 3′ முனை மரபணுவின் உள்பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். இரண்டு பிரைமர்களின் 3′ முனைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்தால் பி.சி.ஆர். நடக்காது. முன் பிரைமரின் 3′ முனையும் பின் பிரைமரின் 3′ முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால், அவை இரண்டுமே ஒட்டிக்கொண்டு பிரைமர் இரட்டைகள் உருவாகும்.

பட்டையே வரவில்லை. எங்கிருந்து தேடுவது?

முதலில் கன்ட்ரோல் குழாய்களைப் பாருங்கள். ஏற்கெனவே வேலை செய்யும் என்று தெரிந்த வார்ப்பு உள்ள குழாயிலும் பட்டை இல்லையென்றால் கோளாறு கலவையிலோ இயந்திரத்திலோ இருக்கிறது. ஏதோ ஒன்றைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். அதில் வந்து உங்கள் மாதிரியில் வரவில்லையென்றால் கோளாறு வார்ப்பில்.

வார்ப்பு குறைவாக இருப்பதைவிட அதிகமாக இருப்பதால் கெடுவதே அடிக்கடி நடக்கிறது. இரத்தத்தின் ஹீம், தாவரத்தின் சர்க்கரைச் சங்கிலிகள், மிச்ச எத்தனால் எல்லாம் நொதியைத் தடுக்கும். அதனால் முதலில் செய்ய வேண்டிய வைத்தியம்: வார்ப்பைப் பத்து மடங்கு நீர்த்துப் போடுவது. வார்ப்பும் பத்தில் ஒன்றாகும், தடைப்பொருளும் பத்தில் ஒன்றாகும். ஆனால் வார்ப்பின் இழப்பை மூன்று நான்கு சுழற்சிகள் ஈடுகட்டிவிடும். மனிதனின் ஒற்றைத் தொகுதி மரபணுக்களின் எடை சுமார் 3.3 பிக்கோகிராம், 10 நானோகிராம் போட்டாலே 3,000 பிரதிகள் இருக்கும். 500 நானோகிராம் போட வேண்டிய தேவையே இல்லை.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. டி.என்.ஏ.வை டி.இ. பஃபரில் கரைத்திருந்தால் அதில் 1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. உண்டு, அது மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதை 5 மைக்ரோலிட்டர் சேர்த்தால் கலவையில் 0.2 மில்லிமோலார். மொத்த மெக்னீசியம் 1.5, நான்கு டி.என்.டி.பி.க்களும் சேர்ந்து 0.8-ஐப் பிடித்துக்கொள்கின்றன. மிச்சம் 0.7, அதிலும் 0.2 போனால் 0.5. பாலிமரேஸுக்கு மெக்னீசியம் இல்லாமல் கை ஓடாது.

வார்ப்பே போடாத குழாயிலும் பட்டை வந்திருக்கிறதே?

மாதிரியின் பட்டை இருக்கும் அதே உயரத்தில் வந்தால் கலப்படம். அன்றைய முடிவுகள் எதையும் நம்ப வேண்டாம். தண்ணீர், பிரைமர் எல்லாவற்றையும் புதிதாக எடுங்கள், முந்தைய பி.சி.ஆர். குழாயைத் திறந்த மேசையில் புதிய கலவையைச் செய்யாதீர்கள். 100 கார இணைகளுக்கும் கீழே மங்கலாக வந்தால் அது பிரைமர் இரட்டை. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

ஜெல் ஓட்டும்போது நடக்கும் தவறுகள் என்னென்ன?

1 சதவீத ஜெல்லுக்கு 100 மில்லிலிட்டர் டி.ஏ.இ. பஃபரில் 1 கிராம் அகரோஸ். பெரிய துண்டுகளுக்கு 0.7, சிறியவற்றுக்கு 2 சதவீதம். கொதிக்க வைத்து, கண்ணாடித் துகள் போல எதுவும் மிதக்கவில்லை என்று வெளிச்சத்தில் பார்த்து, சுமார் 60 டிகிரிக்கு ஆறியதும் ஊற்றுங்கள். சீப்பு தட்டின் அடியைத் தொட்டால் கிணற்றில் ஓட்டை விழும், மாதிரி கீழே ஒழுகிவிடும். 1 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் உள்ளது. கறுப்பிலிருந்து சிவப்புக்கு ஓடும். கம்பிகளை மாற்றி இணைத்தால் பத்து நிமிடத்தில் மாதிரி பின்பக்கமாக வெளியேறி பஃபரில் கலந்துவிடும். சுவிட்சைப் போட்டதும் மின்முனைகளிலிருந்து குமிழி எழுகிறதா, ஐந்து நிமிடத்தில் நீலச் சாயம் சரியான பக்கம் நகர்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு செலவும் இல்லை.

மின்முனைகளுக்கு இடையே சென்டிமீட்டருக்கு 5 வோல்ட். 15 சென்டிமீட்டர் தொட்டிக்கு 75 வோல்ட். அவசரத்துக்கு 150 வைத்தால் ஜெல் சூடாகி, நடுவில் உள்ள பட்டைகள் வேகமாக ஓடி, வரிசை சிரிப்பது போல வளையும். பஃபருக்குப் பதில் தண்ணீரில் ஜெல் செய்துவிட்டால் பட்டைகள் ஒழுங்காக ஓடாது. 10 மடங்கு பஃபரை நீர்க்காமல் ஊற்றினால் மின்னோட்டம் ஏறி ஜெல்லே உருகும். இரண்டும் எல்லா ஆய்வகத்திலும் நடந்திருக்கும்.

எத்திடியம் புரோமைடு மரபணுத் திடீர்மாற்றம் உண்டாக்கக் கூடியது, கையுறை கட்டாயம். புற ஊதா விளக்கைக் கண் கவசம் இல்லாமல் பார்க்கக் கூடாது.

வெட்டாத பிளாஸ்மிட்டில் மூன்று பட்டைகள். மூன்று பிளாஸ்மிட்டா?

ஒன்றே, மூன்று வடிவம். இறுக முறுக்கிய வளையம் முன்னால் ஓடும். ஒரு இழையில் மட்டும் வெட்டு விழுந்து தளர்ந்த வளையம் பின்தங்கும். நேர்கோடானது பெரும்பாலும் நடுவில். கூடவே ஓட்டும் அளவுகோல் நீளம் தெரிந்த நேர்கோட்டுத் துண்டுகளால் ஆனது என்பதால், வெட்டாத பிளாஸ்மிட்டின் நீளத்தை அதோடு ஒப்பிட்டுச் சொல்லவே கூடாது. ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் வெட்டிவிட்டு அளவெடுங்கள்.

லாம்டா டி.என்.ஏ.வை ஹிண்ட்-3 வெட்டினால் எட்டுத் துண்டு வர வேண்டும். ஏன் ஆறோ ஏழோதான் தெரிகிறது?

லாம்டா என்பது பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ், அதன் டி.என்.ஏ. 48,502 கார இணைகள். ஹிண்ட்-3 அதை வெட்டும் நொதி. துண்டுகள்: 23,130, 9,416, 6,557, 4,361, 2,322, 2,027, 564, 125. சாயம் எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவு ஒளி. எல்லாத் துண்டுகளும் ஒரே எண்ணிக்கையில் இருந்தாலும், நீளம் குறைந்தால் எடை குறையும், ஒளியும் குறையும். 500 நானோகிராம் போட்டால் 2,322 துண்டில் சுமார் 24 நானோகிராம் இருக்கும்; 125 துண்டில் ஒன்றரைக்கும் கீழே. அது கண்ணில் படாது, அல்லது ஜெல்லை விட்டே ஓடியிருக்கும். இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டு, உங்கள் பட்டையின் ஒளியை அளவுகோலின் பட்டையோடு ஒப்பிட்டு எடையை மதிப்பிடலாம்.

4,361 துண்டு மட்டும் அதன் நீளத்துக்கு மிகவும் மங்கலாகத் தெரிந்தால் காரணம் வேறு. லாம்டாவின் இரு நுனிகளிலும் ஒன்றோடொன்று ஒட்டும் 12 கார ஒற்றை இழை உண்டு. வெட்டிய பின் அந்த நுனிகள் 23,130, 4,361 துண்டுகளில் இருக்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டு மேலே ஒரே பட்டையாக நிற்கும். 65 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, உடனே பனியில் வைத்து ஏற்றினால் பிரிந்துவிடும்.

ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி வெட்ட வேண்டாத இடத்திலும் வெட்டுமா?

வெட்டும். பாடநூல்களில் தடைகட்டு நொதி என்று வரும் இவை, சூழல் கெட்டால் தன் வரிசையைப் போன்ற வேறு வரிசைகளையும் வெட்டத் தொடங்கும். ஈகோ ஆர்-1 இதற்குப் பெயர் பெற்றது. முக்கியக் காரணம் கிளிசரால்: நொதி 50 சதவீத கிளிசராலில் வருகிறது, கலவையில் அது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எளிய விதி, நொதியின் கன அளவு மொத்தத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது. “வெட்டவில்லை, இன்னும் கொஞ்சம் நொதி ஊற்றுவோம்” என்பது பல சமயம் தவறான வைத்தியம்.

இணைப்பு வினையில் செருகலும் பிளாஸ்மிட்டும் 3-க்கு 1 என்றால் எடையிலா?

மூலக்கூறு எண்ணிக்கையில். 3,000 கார இணை பிளாஸ்மிட் 50 நானோகிராம், செருக வேண்டிய துண்டு 600 என்றால்: 50 × 600 ÷ 3,000 = 10; அதை மூன்றால் பெருக்கினால் 30 நானோகிராம். எடையில் மூன்று மடங்கு என்று 150 போட்டால் 15-க்கு 1 ஆகிவிடும். துண்டுகளை ஒட்டும் நொதியான டி4 லிகேஸின் பஃபரில் ஏ.டி.பி. இருக்கிறது, உறையவைத்து உருக்கி, உறையவைத்து உருக்கி அது சிதைந்துவிடும். வாங்கியதும் சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள். டாக் பாலிமரேஸ் துண்டின் 3′ முனைகளில் ஒரு ஏ-வைக் கூடுதலாக ஒட்டும் என்பதால் அதை மழுங்கிய முனை பிளாஸ்மிட்டில் நேராக இணைக்க முயல்வது வீண். ஒரு டி நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்மிட் வேண்டும்.

தட்டில் காலனியே இல்லை, அல்லது தட்டு முழுக்கக் காலனி. இரண்டையும் எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு தட்டை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. ஐந்து தட்டு வேண்டும். டி.என்.ஏ. சேர்க்காத செல்கள்: ஆம்பிசிலின் (பிளாஸ்மிட் உள்ள செல்லை மட்டும் விட்டுவைக்கும் மருந்து) தட்டில் ஒன்றும் முளைக்கக் கூடாது, முளைத்தால் மருந்து செத்துவிட்டது, அநேகமாக அகார் கொதிக்கக் கொதிக்கச் சேர்த்திருப்பீர்கள் (50 டிகிரிக்கு இறங்கிய பிறகு, மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம்). வெட்டாத பிளாஸ்மிட்: நிறைய வர வேண்டும், வராவிட்டால் செல்கள் சரியில்லை. வெட்டிய பிளாஸ்மிட் மட்டும், லிகேஸ் இல்லாமல்: இங்கே வருவதெல்லாம் வெட்டுப்படாமல் தப்பியவை. வெட்டிய பிளாஸ்மிட்டும் லிகேஸும், செருகல் இல்லாமல்: தனக்குத்தானே மூடிக்கொண்டவை. ஐந்தாவதுதான் உங்கள் சோதனை. நான்காவதைவிட அதில் கூடுதலாக இருப்பவையே நம்பிக்கை தருபவை.

செல்லுக்குள் ஏற்றும் படிகளில் வெப்ப அதிர்ச்சிதான் நுட்பமானது. பனியில் 30 நிமிடம், 42 டிகிரியில் 45 விநாடி, மறுபடி பனியில் 2 நிமிடம். பிறகு மருந்தில்லாத ஊடகத்தில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தில்தான் செல் எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. கனமைசின் தட்டென்றால் இதைத் தவிர்க்கவே முடியாது.

திறன் கணக்கு: 1 நானோகிராம் பிளாஸ்மிட், மொத்தம் 1,000 மைக்ரோலிட்டர், பரப்பியது 100. தட்டுக்குப் போனது 0.1 நானோகிராம், அதாவது 0.0001 மைக்ரோகிராம். 150 காலனி வந்தால் மைக்ரோகிராமுக்கு 15 லட்சம்.

பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாக முளைப்பவற்றை எடுக்காதீர்கள். பெரியது வெளியேற்றும் பீட்டா-லாக்டமேஸ் சுற்றியுள்ள ஆம்பிசிலினை அழித்துவிட, அந்த நிழலில் வளர்ந்த பிளாஸ்மிட் இல்லாத செல்கள் அவை. 16 மணி நேரத்தில் தட்டை வெளியே எடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

வெள்ளைக் காலனி என்றால் செருகல் நிச்சயமா?

இல்லை. லாக்-இசட் துண்டு (பிளாஸ்மிட்டில் இருந்து காலனிக்கு நீல நிறம் தருவது, செருகல் அதன் நடுவே நுழையும்) கெட்டிருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். வெட்டிய முனையை வேறு நொதி கடித்திருந்தாலும் வெள்ளையாகும். மாறாக, மூன்றால் வகுபடும் சிறு செருகல் வாசிப்புச் சட்டகத்தைக் கெடுக்காமல் நுழைந்தால் இளநீலம் வரலாம். நான்கைந்து வெள்ளைகளை எடுத்து வெட்டிப் பாருங்கள்.

மனித மரபணுவை அப்படியே பாக்டீரியாவில் போட்டால் புரதம் வருமா?

வராது. மரபணுவின் இடையிடையே வரும், புரதத்துக்குக் குறியீடு தராத இன்ட்ரான்களை நீக்கும் ஏற்பாடு ஈ. கோலையில் இல்லை. அதனால் தூது ஆர்.என்.ஏ.விலிருந்து ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் மூலம் சி-டி.என்.ஏ. செய்து போட வேண்டும். முன்னால் பாக்டீரியாவின் புரோமோட்டரும் ரைபோசோம் ஒட்டும் வரிசையும் வேண்டும். 1978-இல் மனித இன்சுலினுக்கு வேறு வழி எடுத்தார்கள்: 21, 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ, பி சங்கிலிகளுக்கான மரபணுக்களை வேதிமுறையில் செய்து, தனித்தனிப் பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, பிறகு சேர்த்தார்கள். 1982-இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. சர்க்கரை ஒட்ட வேண்டிய புரதங்களுக்கு ஈ. கோலை உதவாது, ஈஸ்ட்டோ பாலூட்டி செல்லோ வேண்டும்.

அரிவாள் செல் நோயை பி.சி.ஆரும் நொதியும் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

பீட்டா குளோபினின் 6-ஆவது கோடான் ஜி-ஏ-ஜி, ஜி-டி-ஜி ஆகிறது. குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். (தொடக்க மெத்தியோனினையும் எண்ணினால் 7-ஆவது. இரண்டு எண்ணும் புழக்கத்தில் உண்டு, குழம்ப வேண்டாம்.) எம்.எஸ்.டி-2 நொதியின் வரிசை சி-சி-டி, ஏதாவது ஒன்று, ஏ-ஜி-ஜி. இயல்பான மரபணுவில் சி-சி-டி-ஜி-ஏ-ஜி-ஜி இருக்கிறது, வெட்டும். மாறியதில் சி-சி-டி-ஜி-டி-ஜி-ஜி, வெட்டாது.

உதாரணத்துக்கு, 400 காரத் துண்டைப் பெருக்கி, வெட்டு 250-இல் விழும்படி பிரைமர் அமைத்தால்: இயல்பானவருக்கு 250, 150, நோயாளிக்கு 400, ஒரு பிரதி மட்டும் மாறியவருக்கு மூன்று பட்டையும்.

தேர்வில் இதோடு முடியும். மேசையில் முடியாது. இயல்பானவரின் மாதிரியில் நொதி பாதிதான் வெட்டினாலும் அதே மூன்று பட்டைகள் வரும். நொதி செத்திருந்தால் எல்லோரும் நோயாளிகள் போலத் தெரிவார்கள். இயல்பானது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மாதிரியை அதே நேரத்தில், அதே அளவு டி.என்.ஏ.வோடு வெட்டி, அதில் 400 பட்டை துளியும் மிஞ்சவில்லை என்று பார்த்த பிறகுதான் மற்ற வரிசைகளைப் படிக்கத் தொடங்க வேண்டும்.

சாங்கர் வரிசையின் தொடக்கத்தில் எழுத்துகள் ஏன் குழம்பியிருக்கின்றன?

3′ ஹைட்ராக்சில் இல்லாத டைடிஆக்ஸி நியூக்ளியோடைடு சேர்ந்ததும் இழை நிற்கிறது. நின்ற துண்டுகளை நீளவாரியாக ஓடவிட்டு நிறத்தைப் படிக்கிறார்கள். மிகச் சிறிய துண்டுகள் ஒழுங்காகப் பிரிவதில்லை, மிச்சச் சாயமும் அங்கேதான் வந்து சேரும். முதல் 30 முதல் 50 எழுத்துகளை நம்பாதீர்கள். உங்களுக்கு வேண்டிய இடத்திலிருந்து அந்த அளவாவது தள்ளி பிரைமரை வையுங்கள். 700, 800-ஐத் தாண்டினால் சிகரங்கள் அகன்று ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நடுவில் ஒரே இடத்தில் இரண்டு சிகரம் சம உயரத்தில் நின்றால் அது பெரும்பாலும் கருவியின் பிழையாக இருக்காது. இரு பிரதிகளில் வெவ்வேறு எழுத்து இருக்கிறது. ஓரிடத்தில் தொடங்கி அதன்பின் எல்லாமே இரட்டைச் சிகரமானால், ஒரு பிரதியில் அங்கே சில எழுத்துகள் விடுபட்டோ கூடியோ இருக்கின்றன. அப்போது பின் பிரைமரால் மறுபக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள்; குழப்பம் தொடங்கும் இடம் இரு பக்கமிருந்தும் ஒரே இடத்தில் வந்து சேரும்.